கொப்பியில் கோடு கிழித்த பெயர்கள்

வாசகர் கடிதம்:

"சேர், நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 26. டவுனில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை. 2017இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை டீவியில் பார்த்ததிலிருந்து எனக்குச் சின்னப் பையன்களின் ஃபுட்போல் என்றால் பைத்தியம். மென்செஸ்டர் யுனைட்டட் தன் அகடமியில், அதாவது இளையோர் பயிற்சிக்கூடத்தில், வளர்க்கிற பையன்களை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வருகிறேன். பெயர், இடம், கோல், பக்கத்தில் என் மார்க். ஏஞ்சல் கோம்ஸுக்குப் பத்துக்கு ஒன்பதரை போட்டேன், போய்விட்டார். எலங்காவை விற்றார்கள், கர்னாச்சோவையும் விற்றார்கள். 'நீ கை வச்சவன் எவனும் வெளங்கமாட்டான்டா' என்று கூட்டாளிமார் நக்கலடிக்கிறார்கள். யார் மேலே வருவான் என்று உங்களைப் போன்றவர்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? ஒன்லைனில் ஒரு ஸ்கவுட் கோர்ஸ், திறமையான ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கிற வேலைக்கு, இருக்கிறது, ஒன்றரை இலட்சம் கேட்கிறார்கள், சேரலாமா? இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பையன்களுக்கு நான்தான் கோச் மாதிரி. அதில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு 'ஐரோப்பாவில் ட்ரயல்' என்று ஃபேஸ்புக்கில் ஒருவர் மெசேஜ் போட்டுப் பணம் கேட்கிறார். அவன் அம்மா என்னிடம் வந்து கேட்கிறார். என்ன சொல்ல?"

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

தம்பி,

கடைசியாகக் கேட்டதை முதலில் எடுக்கிறேன். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம், இது அப்படியில்லை. அந்த அம்மாவிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்: ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நாடுவிட்டு நாடு மாற்றிப் பதிவதை ஃபீஃபாவின் இடமாற்ற விதிகளில் 19ஆம் பிரிவு தடுக்கிறது. விலக்குகள் கொஞ்சம் உண்டு. தாய் தகப்பன் பந்தோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது, நாட்டு எல்லைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 வயதுக்கு மேல் மாறுவது என்று. தலவாக்கலைப் பையனுக்கு இதில் எது பொருந்தும்? இங்கிலாந்துக் கழகங்கள் 2021 ஜனவரியிலிருந்து 18 வயதுக்குக் குறைந்த வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுக்கவே முடியாது. 18 தாண்டினாலும் அங்கே வேலை அனுமதிக்குப் புள்ளிக் கணக்கு இருக்கிறது. உலகத் தரவரிசையில் 200ஐ ஒட்டி நிற்கும் நம் நாட்டுக்காக ஆடியதை வைத்து அந்தக் கணக்கில் ஒன்றும் ஏறாது.

முகவர் என்று சொல்லிக்கொள்கிறவர் ஃபீஃபாவின் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பெயரை ஃபீஃபாவின் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். உரிமம் இருப்பவரே பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு சிறுவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இவரோ பிள்ளையின் ஃபேஸ்புக்குக்கே நேரே வந்திருக்கிறார். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டுப் படம் கேட்டால் அதையும் கொடுக்க வேண்டாம். ஏற்கனவே காசு போய்விட்டதென்றால் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கச் சொல்லுங்கள். மலையகத்தில் ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கத்தாலேயே பல பேர் வாயைத் திறப்பதில்லை. அதுதான் அந்த ஆட்களுக்கு வசதி.

இனி உங்கள் கொப்பி. நீங்கள் படமெடுத்து அனுப்பிய பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீல மையில் பெயர், சிவப்பில் கோல், ஓரத்தில் பென்சிலால் மார்க். கோம்ஸின் பெயருக்கு மேல் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்து 'முடிந்தது 2020' என்று எழுதியிருக்கிறீர்கள். மார்க்கில் பிழையில்லை, தம்பி. கோட்டில்தான் பிழை. அந்த 2020இல் காசில்லாமல் பிரான்ஸின் லீல் கழகத்துக்குப் போனவர், 2024 செப்டெம்பரில் இங்கிலாந்தின் தேசிய அணிக்கு ஆடினார். லீலுக்காகச் சம்பியன்ஸ் லீக் ஆடினார். 2025இல் மார்செய் கூப்பிட்டது. நீங்கள் போட்ட ஒன்பதரை கொஞ்சம் கூடத்தான், ஆனால் விளங்காமல் போன ஆள் இல்லை. எலங்காவை நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் 2023இல் வாங்கியது. இரண்டே வருடத்தில் நியூகாசில் 50 மில்லியன் பவுணுக்கு மேல் கொடுத்து எடுத்தது. டீன் ஹென்டர்சன் 14 வயதில் யுனைட்டட்டுக்கு வந்த பையன். 2025 மே மாதம் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் மென்செஸ்டர் சிட்டியின் பெனல்டியைத் தடுத்து கிரிஸ்டல் பலஸ் கிண்ணம் தூக்க வழி செய்தது அவர்தான். யுனைட்டட் அகடமியில் வளர்ந்த ஸ்கொட் மெக்டொமினே 2024இல் இத்தாலியின் நாபோலி கழகத்துக்குப் போனார். முதல் பருவத்திலேயே இத்தாலிச் சம்பியன், அந்த லீக்கின் சிறந்த வீரர் விருதும் கையில்.

இவர்கள் எல்லோரும் விளங்கினார்கள். யுனைட்டட்டின் மைதானமான ஓல்ட் ட்ரஃபர்டில் நிலைக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் ஒரு கழகத்தின் ரசிகர், அதனால் அந்தக் கழகத்தின் கண்ணாலேயே பையனை அளக்கிறீர்கள். தொழிலாகப் பார்க்கிறவன் அப்படி அளப்பதில்லை. 23 வயதில் இந்தப் பையன் பந்து விளையாடிச் சம்பளம் எடுக்கிறானா, எந்த மட்டத்தில் எடுக்கிறான் என்றுதான் கேட்பான்.

கழகமும் உங்களைப் போல யோசிப்பதில்லை. பிரீமியர் லீக்கில் ஒரு கழகம் மூன்று வருடத்தில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது என்று விதி இருந்தது. வெளியே வாங்கிய ஆட்டக்காரனை விற்றால், வாங்கிய விலையில் இன்னும் கழிக்காத பங்கைக் கழித்துத்தான் இலாபம் எழுதலாம். அகடமியில் வளர்ந்தவனுக்கு வாங்கிய விலையே கிடையாது. விற்ற பணம் முழுக்க இலாபம். செல்சி மேசன் மவுன்ட்டை விற்றதிலும், யுனைட்டட் மெக்டொமினேயை விற்றதிலும், 16 வயதில் வந்த கர்னாச்சோவை 2025இல் 40 மில்லியனுக்கு செல்சியிடம் கொடுத்ததிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. கர்னாச்சோ விஷயத்தில் பயிற்றுவிப்பாளரோடு வந்த மனக்கசப்பும் சேர்ந்துகொண்டது. அகடமி முதல் அணிக்கு ஆள் கொடுக்கத்தான் இருக்கிறது என்று நினைத்தால் உங்களுக்கு ஒவ்வொரு ஓகஸ்ட் மாதமும் மனவருத்தம்தான். எனக்கு இந்த வியாபாரம் பிடிக்காது. உள்ளூர்ப் பையனை விற்றுக் கணக்கை நேராக்கிவிட்டு, அதே காசில் அவனைவிடத் திறமை குறைந்தவனை வாங்கிய கழகங்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

சரி, யார் மேலே வருவான் என்று எப்படிப் பார்ப்பது? முதலில் கோலை அழியுங்கள். நீங்கள் டீவியில் பார்த்த 2017 உலகக் கிண்ணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவில் இறுதியாட்டம், ஸ்பெயினை இங்கிலாந்து 5-2 என்று அடித்தது. எட்டுக் கோலுடன் தங்கப் பாதணி வாங்கியவர் ரியன் புரூஸ்டர். அந்த அணியில் இன்றைக்கு நீங்கள் பெயர் சொல்லி ஜேர்சி வாங்குகிற ஆட்கள் பில் ஃபோடன், மார்க் கெயி, கொனர் கல்லகர். புரூஸ்டர் திறமையில்லாதவர் இல்லை, காயங்களும் அவரை விடவில்லை. ஆனால் 17 வயதில் போடும் கோலுக்கு முக்கால்வாசிக் காரணம் வேகமும் உடம்பும். எதிரே நிற்பவனுக்கும் அவை வந்து சேரும்போது அந்தக் கோல்கள் குறைந்துவிடும்.

வென்ற அணியையும் நம்ப வேண்டாம். 2011 எஃப்.ஏ. இளையோர் கிண்ணத்தை யுனைட்டட் வென்றது. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 6-3. போல் பொக்பா, ஜெசி லிங்கார்ட், ரவெல் மொரிசன் எல்லாம் ஒரே அணி. அன்றைக்குப் பார்த்தவர்களில் அநேகம் பேர் மூவரில் மொரிசனைத்தான் முதலாவதாகச் சொல்வார்கள். அவர் யுனைட்டட்டுக்காக ஒரு லீக் மெட்ச்கூட ஆடாமல் 2012 ஜனவரியில் வெஸ்ட் ஹாம் போனார். பொக்பாவை அதே வருடம் சும்மா விட்டுவிட்டு, 2016இல் 89 மில்லியன் பவுண் கொடுத்துத் திருப்பி வாங்கினார்கள். இதைவிட வேடிக்கை தோற்ற பக்கத்தில். ஷெஃபீல்ட் யுனைட்டட்டின் பின்களத்தில் நின்ற ஒரு பையனைத்தான் 2019இல் 80 மில்லியனுக்கு வாங்கிப் பிறகு தலைவராக்கினார்கள்: ஹரி மகுவையர். 1992இல் இதே கிண்ணத்தை வென்ற பெக்கம், கிக்ஸ் அடங்கிய பெயர்பெற்ற கூட்டத்துக்கும் இதே கதைதான். அந்தக் கூட்டத்தில் பலரோடு ஸ்கோல்ஸும் சேர்ந்து 1993 இறுதிக்குப் போனார்கள். லீட்ஸ் பையன்கள் மொத்தக் கணக்கில் 4-1 என்று அடித்து அனுப்பினார்கள். அந்த லீட்ஸ் அணியில் ஒரு பெயரையாவது உங்கள் கூட்டாளிமாரைச் சொல்லச் சொல்லுங்கள், நக்கல் கொஞ்சம் குறையும்.

கோலுக்குப் பதிலாக இரண்டு எண்களைப் பக்கத்து பக்கத்தில் எழுதுங்கள். பையனின் வயது, அவன் ஆடும் மட்டத்தின் வயது. 18 வயதுப் பையன் 18 வயது அணியில் மூன்று கோல் போடுவதைவிட, 16 வயதுப் பையன் 21 வயது அணியில் கடைசி இருபது நிமிடம் இறங்குவது பெரிய செய்தி. தினமும் அவனைப் பயிற்சியில் பார்க்கிறவர்கள் அவனை மேலே தூக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஈதன் நுவானேரியை ஆர்சனல் 2022 செப்டெம்பரில் பிரீமியர் லீக்கில் இறக்கியபோது அவருக்கு 15 வயது. அங்கே 16 வயதில் அகடமிப் பையனுக்கு இரண்டு வருட ஸ்கொலர்ஷிப். 17 வயதிலிருந்து தொழில்முறை ஒப்பந்தம் போடலாம். 17ஆவது பிறந்தநாளை ஒட்டி ஒப்பந்தம் வந்தால் கொப்பியில் நட்சத்திரம் போடுங்கள். 18 முடியும்வரை ஒன்றும் வராவிட்டால் கழகம் யோசிக்கிறது.

அடுத்தது, பெரிய ஆட்களோடு ஆடுகிறானா என்று பாருங்கள். 2016-17இலிருந்து பெரிய அகடமிகளின் 21 வயதுக்குட்பட்ட அணிகள் ஈ.எஃப்.எல். டிரோஃபி என்ற கிண்ணப் போட்டியில் மூன்றாம், நான்காம் மட்டக் கழகங்களோடு ஆடுகின்றன. வீட்டு வாடகைக்காக ஆடுகிற முப்பது வயதுப் பின்கள வீரன் தோளால் ஒரு இடி கொடுத்த பிறகும் பையன் அடுத்த பந்தைக் கேட்கிறானா? சனிக்கிழமைகளில் நீங்கள் டேட்டா செலவழித்துப் பார்க்கிற 18 வயது லீக் ஆட்டம் பத்தைவிட இது ஒன்று கூடுதலாகச் சொல்லும். ஹரி கேன் டொட்டன்ஹாமில் நிலைக்க முதல் லேய்ட்டன் ஓரியன்ட், மில்வோல், நோர்விச், லெஸ்டர் என்று நான்கு இடத்தில் கடனுக்கு, அதாவது சொந்தக் கழகம் கொஞ்சக் காலத்துக்கு இரவல் கொடுத்து, ஆடினார். கடன் அனுப்பினால் 'கைவிட்டார்கள்' என்று எழுதுகிறீர்களே, அதை நிறுத்துங்கள். எங்கே அனுப்பினார்கள், அங்கே தொடக்க அணியில் ஆடுகிறானா, பெஞ்சில் குந்தியிருக்கிறானா என்று எழுதுங்கள்.

பிறகு வரிசை. ஹட்டனில் பஸ் ஏறிக் கண்டிவரை போகிறவன், சீட் இல்லாவிட்டால், கினிகத்தேனையில் இறங்கப் போகிறவன் பக்கத்தில்தான் போய் நிற்பான். கண்டியில் இறங்குகிறவன் பக்கத்தில் நின்றால் கால் வலிதான் மிச்சம். ஹென்டர்சன் நின்ற இடம் அப்படி: முன்னால் கோல்காப்பாளர் டி ஹெயா, 2011இலிருந்து 2023வரை கிட்டத்தட்ட எழும்பவே இல்லை. எந்தப் பையனை எழுதினாலும் அதே இடத்தில் முதல் அணியில் இருப்பவருக்கு என்ன வயது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். பயிற்றுவிப்பாளர் மாறினால் அந்த வரிசையே கலையும். 2024 எஃப்.ஏ. கிண்ண இறுதியில் கோல் போட்ட கோபி மைனூவுக்கு, அமோரிம் வந்து ஆட்ட முறையை மாற்றியதும் 2025இல் தொடக்க அணியில் இடம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. அதிர்ஷ்டத்துக்கும் ஒரு ஓரம் விடுங்கள். 2016 பெப்ரவரி 25 அன்று ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும்போது மார்ஷியலுக்குக் காயம். கடைசி நேரத்தில் மார்கஸ் ரஷ்போர்டை இறக்கினார்கள், இரண்டு கோல். மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக இன்னும் இரண்டு. மார்ஷியலின் கால் அன்று நன்றாக இருந்திருந்தால் அந்த வாரம் அந்தப் பையனை யாருக்குத் தெரியும்?

இவ்வளவும் கணக்கு. கண்ணால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிடிக்க முடியாது. ஒரு ஆட்டத்தில் பத்து நிமிடம் பந்தை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு மத்தியகளப் பையனின் தலையைப் பாருங்கள். பந்து அவனிடம் வந்துகொண்டிருக்கும்போது தோளுக்கு மேலால் பின்னுக்கு ஒரு தரம், மற்றப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறானா? பார்த்தவன் பந்தைத் தொடும் முதல் தொடுகையிலேயே ஆளில்லாத பக்கத்துக்குத் திரும்பியிருப்பான். பார்க்காதவன் பந்தைக் காலுக்கடியில் நிறுத்திவிட்டு அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்குவான். அதற்குள் ஆள் வந்து ஏறிவிடும். இந்தப் பழக்கம் உயரம் பார்த்து வருவதில்லை. போன மாதம் ஹட்டன் டன்பாரில் ஒரு பாடசாலை ஆட்டம். மூன்று மணிக்கே மிஸ்ட் இறங்கி மற்றப் பக்கத்து கோல்போஸ்ட் தெரியவில்லை. சப்பாத்து ஒரு சைஸ் பெரிதாகப் போட்டிருந்த ஒரு பொடியன், பந்து வர முதல் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினான். இடைவேளையில் அவனை மாற்றிவிட்டார்கள். காரணம் கேட்டேன். "சின்ன ஆள் சேர், தள்ளிப் போடுறானுக."

உங்களிடமும் இந்தக் கேள்வியை வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கம் பிரிக்கும்போது முதலில் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? உயரமானவனையா? இங்கிலாந்தில் வயதுப் பிரிவு தொடங்கும் திகதி செப்டெம்பர் 1. அகடமிகளில் செப்டெம்பர், ஒக்டோபரில் பிறந்தவர்கள் நிறையவும், ஜூலை, ஓகஸ்டில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பது அவர்களுக்கே தெரிந்த குறை. பத்து வயதில் பத்து மாத வித்தியாசம் பெரிய உடம்பு வித்தியாசம். ஹரி கேன் ஜூலை 28இல் பிறந்தவர். கொஞ்சம் குண்டு, ஓட்டம் போதாது என்று ஆர்சனல் அவரைச் சிறு வயதிலேயே அனுப்பிவிட்டது. மெக்டொமினே பதின்ம வயதில் பெரும்பகுதி குள்ளமாக இருந்து பிந்தித்தான் வளர்ந்தார். யுனைட்டட் அவரைப் பொறுமையாக வைத்திருந்தது. முதல் அணிக்கு வந்தது 2017இல், 20 வயதில்.

நம் பக்கம் இது இன்னும் கடுமை. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். தோட்டப் பகுதிகளில் அது ஏறக்குறைய மூன்றில் ஒருவர். அன்று ஐந்து வயதுக்குக் கீழே இருந்த அதே பிள்ளைகள்தான் இன்று உங்கள் கிரவுண்டில் நிற்கிறார்கள். உயரம் பார்த்து எடுத்தால், எந்த வீட்டில் முட்டை கூடுதலாக வாங்கினார்கள் என்று பார்த்து எடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி உங்கள் பையன்களின் பெயரை எழுதுங்கள். பிறந்த திகதி, மூன்று மாதத்துக்கொரு முறை உயரம். இடையில் திடீரென்று வளர்கிற பையன் கால் தடுமாறுவான், முட்டி வலிக்கிறது என்பான். அந்த நேரத்தில் அவனை ஓட்டாதீர்கள், வெளியே தள்ளவும் வேண்டாம்.

அவர்களுக்கு முன்னால் இருக்கிற வழி ஐரோப்பா இல்லை. பாடசாலை அணி, பிறகு மாவட்ட லீக் கழகம், அதற்கு மேலே தேசிய மட்டம். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் ஆடுகிறவனுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. மாலைதீவில் போய் ஆடியவர்களும் இருக்கிறார்கள். எங்கே ஆடினாலும் பதிவோடு ஆட வேண்டும். ஒரு ஆட்டக்காரனை ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு நாட்டுக் கழகம் விலை கொடுத்து எடுத்தால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை அவனை 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கழகங்களுக்குப் பிரிக்க வேண்டும் என்று ஃபீஃபா விதி இருக்கிறது. பதிவில்லாத கழகத்துக்கு அதில் சல்லிக் காசு வராது.

இடையில் ஒன்று சொல்ல மறந்தேன். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், சரியாக ஆடாத பையனுக்கு இன்ஸ்டாகிராமில் 'வீட்டுக்குப் போ' என்று எழுதியதாகச் சிரித்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனுக்கு 16 வயது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பையன்களைவிட இரண்டு வயதுதான் மூப்பு. அதை அழித்துவிடுங்கள்.

கோர்ஸுக்குக் காசு கட்டாதீர்கள். சான்றிதழைப் பார்த்து எந்தக் கழகமும் தலவாக்கலைக்குக் கடிதம் போடாது. ஸ்கவுட் வேலை ஆட்களைத் தெரிந்து வருகிற வேலை, நம் நாட்டில் சம்பளத்தோடு அந்த வேலை அநேகமாகக் கிடையாது. பயிற்றுவிப்பாளராக வர விருப்பமென்றால் ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஆரம்ப டிப்ளோமாக்களை இலங்கைச் சம்மேளனம் அவ்வப்போது நடத்துகிறது. அறிவித்தல் மாவட்ட லீக்குக்கு வரும். நுவரெலியா லீக் செயலாளரிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள். உங்கள் பாடசாலை விளையாட்டு ஆசிரியர் ஒருவரின் சிபாரிசும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை இலட்சம் உண்மையிலேயே கையில் இருந்தால் நான்காம் நம்பர் பந்து பத்து, கோன் ஒரு செட், கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் கட்ட ஒரு நல்ல வலை வாங்குங்கள். பந்து தேயிலைக்குள் உருண்டு போய் அதைத் தேடுவதிலேயே உங்கள் பயிற்சியில் பாதி நேரம் போகும் என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை யுனைட்டட் 18 வயது அணியில் ஒரே ஒரு பையனைப் பிடித்து, முழு ஆட்டமும் அவனை மட்டும் பாருங்கள். எத்தனை தரம் திரும்பிப் பார்த்தான், பந்து இல்லாத நேரம் எங்கே நின்றான் என்று மட்டும் எழுதுங்கள், மார்க் வேண்டாம். உங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனுக்கும் அதே மாதிரி ஒரு பக்கம். இரண்டையும் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.